ரெண்டு இன்ச் போல்ட்

மார்ச் 4, செவ்வாய்

இன்று காலை பதினொன்றே கால் மணிக்கு, புறவழிச் சாலையில், லாரியிலிருந்து விழுந்து கிடந்த ஒரு இரும்புத் துண்டு என் காரின் அடியில் அடித்தது. கார் நின்றுவிட்டது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

லாரியின் ஸ்பிரிங் பட்டை உடைந்து விழுந்த துண்டு. ஒரு முழம் இருக்கும். முன்னால் போன வேன் அதை இரண்டு சக்கரத்துக்கும் நடுவே விட்டுத் தாண்டிவிட்டது. வேனுக்கு வயிறு உயரம். என் கண்ணில் படும்போது பத்தடிகூட மிச்சமில்லை. டமார் என்று ஒரு சத்தம், கால் பாதத்தில் அதிர்ந்தது.

உண்மையை எழுதுகிறேன்: எனக்கு முதலில் வந்தது சிரிப்பு. ‘அடிடா ராஜா, கீழே இருக்கிறது யார் போட்ட தகடுன்னு தெரியுமா?’ என்று சொல்லிக்கொண்டே இருநூறு அடி ஓட்டினேன். அப்புறம் எதிரில் உள்ள திரையில் சிவப்பாக எழுத்து வந்தது. உடனே ஓரம் கட்டச் சொன்னது. கட்டினேன். அதோடு சரி, காருக்கு உயிர் போய்விட்டது.

இழுவை வண்டி வர மூன்று மணி நேரம். வெயிலில் நின்றேன்.

மின்சார வண்டிக்கு உயிர் வயிற்றில் இருக்கிறது. உட்காரும் இடம் முழுக்க, மெத்தை விரித்த மாதிரி, கீழே பேட்டரி. அதைக் காப்பாற்றத்தான் மூன்று எம்.எம். இரும்புத் தகடு அடித்து மாட்டியிருந்தேன். கம்பெனிக்காரன் போட்டிருப்பது காகிதம் மாதிரி ஒரு மூடி. நான் போட்டது இரும்பு. அப்புறம் எப்படி?

மார்ச் 5, புதன்

சர்வீஸ் சென்டர். அங்கே மேலாளர் ஒரு பெண். என் மகளைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். காரை லிஃப்டில் ஏற்றி, தகட்டைக் கழற்றிக் கீழே சாய்த்து வைத்திருந்தார்.

“இந்தத் தகடு யார் சார் போட்டது?”

“நான்தான். போல்ட், நட்டு, தகடு எல்லாம் நம்ம கடைதான்.”

“நல்ல தகடு.”

“மூணு எம்.எம்.” என்றேன். அந்த நேரத்திலும் பெருமை! வெட்கம் கெட்ட நாக்கு.

அவர் டார்ச்சை மேலே பிடித்தார். தகட்டில் உள்ள பள்ளத்தைக் காட்டி, “இது ரோட்ல கெடந்த இரும்பு செஞ்சது” என்றார். பிறகு பேட்டரிப் பெட்டியின் அடியைக் காட்டினார். வரிசையாக நான்கு வடு. மூன்று, விரல் நுனியால் மாவில் குத்தினது மாதிரி. நான்காவது ஓட்டை. அதிலிருந்து பச்சையாக என்னவோ சொட்டிக்கொண்டிருந்தது. “இது உங்க போல்ட் செஞ்சது.”



“தகடே இல்லாம இருந்திருந்தா?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“கம்பெனி மூடி கிழிஞ்சிருக்கும். பெட்டில ஒரு கீறல் விழுந்திருக்கும். அடி அகலமா பரவியிருக்கும் சார். நீங்க அதை நாலு ஊசி முனைக்கு அனுப்பி வச்சிட்டீங்க.”

வீட்டுக்கு வந்து, தெளிவாக எழுதிவைக்க உட்கார்ந்தேன். எனக்கு நானே புரியவைக்க வேண்டும்.

தகடு வளையாமல் இருக்க, அதன் மேல் குறுக்கே இரண்டு பட்டை இரும்பு. பட்டையையும் தகட்டையும் சேர்த்துப் பிடிக்க எட்டு போல்ட். நட்டு கீழ்ப்பக்கம் வந்தால் வேகத்தடையில் உரசித் தேயும் என்று, தலையைக் கீழே வைத்து வாலை மேலே விட்டோம். வால் நுனிக்கு மேலே, ஒரு விரல் தள்ளி, பேட்டரி. இந்த வேலைக்கு ஒரு இன்ச் போல்ட் போதும். நான் கொடுத்தது ரெண்டு இன்ச்.

ஏன் ரெண்டு இன்ச்? கிடங்கில் பதினோரு பெட்டி கிடந்தது. ஆறு வருஷமாக நகராத சரக்கு. ஒரு ஆலைக்காரன் ஆர்டர் கொடுத்துவிட்டு ஆலையை மூடிக்கொண்டு போனான். தேங்கின சரக்கைத் தள்ள ஒரு வழி கிடைத்தால் எந்த வியாபாரி விடுவான்? நட்டுக்கு மேலே ஒரு இன்ச் வால் நீட்டிக்கொண்டு நின்றது. நீளம் இருந்தால் என்ன, பலம்தானே என்று எல்லோரிடமும் சொன்னேன்.

எல்லோரிடமும்.

மார்ச் 6, வியாழன்

இன்சூரன்ஸ் ஆள் வந்தார். ஐந்து நிமிஷம் பார்த்தார். “வண்டில மாற்றம் செஞ்சிருக்கீங்க, ஒண்ணும் வராது” என்று சொல்லி, கையைத் துடைத்துக்கொண்டு போனார்.

புதுப் பேட்டரி ஆறே கால் லட்சம். பாதிக் காருக்கு மேல்.

என் கார் போகட்டும். இதை எழுதவே கை வரவில்லை: டாக்ஸி ஸ்டாண்டில் இருக்கும் மின்சார வண்டி எல்லாவற்றிலும் என் தகடு இருக்கிறது. முதலில் என் காருக்கு மட்டும்தான் செய்தேன். ஸ்டாண்டில் பார்த்துவிட்டு, எனக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்றார்கள். எல்லாம் ஒரே மாதிரி கார். எல்லாவற்றிலும் அதே எட்டு போல்ட்.

மாப்பிள்ளை வண்டியிலும்.

இன்று யாரிடமும் சொல்லவில்லை. கடை திறந்தேன். ஆணி நாலு கிலோ விற்றேன். சொல்லாமல் இருந்தால் யாருக்குத் தெரியும் என்று ஒரு தடவை நினைத்தேன். ஒரு தடவை இல்லை, நாள் முழுக்க நினைத்தேன்.

மார்ச் 7, வெள்ளி

பதிமூணைக் கூப்பிட்டுச் சொன்னேன். பதிமூணு என்பது என் ஃபிட்டர். பின்பாக்கெட்டில் எப்போதும் பதிமூன்றாம் நம்பர் ஸ்பானர் இருக்கும். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. தகடு எல்லாவற்றையும் மாட்டியது அவன்தான்.

“வாலை வெட்டிடலாம்னு அன்னிக்கே சொன்னேன் முதலாளி.”

“சொன்னியா?”

“கிரைண்டர கையில வச்சுக்கிட்டே சொன்னேன். வெட்டின எடத்துல துரு புடிக்கும், நேரம் ஆகும், மாட்டுன்னீங்க.”

“இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாமில்ல?”

அவன் என்னைப் பார்த்தான். “உங்ககிட்டயா?” என்றான்.

சரிதான். பதினெட்டு வருஷமாக என்னிடம் இருக்கிறான். ஒரு விஷயத்தை இரண்டாவது தடவை சொன்னவனை நான் என்ன செய்வேன் என்று அவனுக்குத் தெரியும்.

எத்தனை வண்டிக்குப் போட்டோம்? இரண்டு பேருக்கும் தெரியவில்லை. பில் போடாமல் விற்றது. கையில் காசு, வயிற்றில் தகடு, போய்ட்டு வா! அது சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது பெயர் இல்லை, நம்பர் இல்லை, ஒரு துண்டுச் சீட்டு இல்லை.

கடைசியில் தகட்டை வைத்துக் கணக்குப் பார்த்தோம். எட்டடிக்கு நாலடித் தகடு பதினாறு வாங்கினது, தகடு விற்ற இரும்பாலையின் ரசீதில் இருக்கிறது. ஒன்றில் இரண்டு வெட்டலாம். முப்பத்திரண்டு. ஒன்று வளைக்கும்போது கெட்டது. ஒன்று என் கார்.

முப்பது.

மார்ச் 8, சனி

மாப்பிள்ளைக்கு ஐந்து தடவை போன் அடித்தேன். எடுக்கவில்லை. மகளிடம் கேட்டேன்.

“ஒரு வாரச் சவாரிப்பா. மலைக்கு. ஒரு குடும்பத்த ஏத்திக்கிட்டுப் போயிருக்காரு. ஏன், என்ன?”

“ஒண்ணுமில்ல. வந்ததும் பேசச் சொல்லு.”

“நீங்களா, அவர்கிட்டயா? பேசணுமா?” அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் நியாயம் இருக்கிறது.

எனக்கும் மாப்பிள்ளைக்கும் சண்டை என்று எதுவும் கிடையாது. பேச்சு என்றும் எதுவும் கிடையாது. “வாங்க மாமா”, “வரேன் மாமா”, இடையில் சாப்பாடு. யாருடைய தயவும் அவருக்கு ஆகாது. கடன் வாங்கித்தான் காரை எடுத்தார், என்னிடம் கேட்கவில்லை. போன வருஷக் கடைசியில் ஒரு ஞாயிறு சாப்பிட வந்திருந்தார். அவர் கை கழுவுவதற்குள் பதிமூணை விட்டு, காரைக் கிடங்குச் சரிவில் ஏற்றி, தகடு மாட்டிவிட்டேன். வெளியே வந்து பார்த்தார். குனிந்து தட்டிப் பார்த்தார். “நல்லாருக்கு மாமா” என்றார். ஆறு வருஷத்தில் என்னைப் பார்த்து அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை. ஒரு வாரம் அதை நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

மாலை ஐந்தரைக்கு அவரே கூப்பிட்டார். காற்றுச் சத்தம்.

“என்ன மாமா, அஞ்சு தடவ அடிச்சிருக்கீங்க. யாருக்காவது உடம்பு சரியில்லையா?”

“இல்ல மாப்ள. அந்தத் தகடு… அதக் கழட்டிடுங்க.”

“எது, நீங்க போட்டதா? இங்கயா?”

“ஆமா. எங்கயாவது ஒரு மெக்கானிக் இருந்தா…”

“மாமா, ரோடெல்லாம் கல்லு. இங்கதான் அது வேணும். நல்ல சமயத்துல போட்டுக் கொடுத்தீங்க. வந்து பேசறேன், பார்ட்டி கூப்பிடுறாங்க.”

வைத்துவிட்டார். நல்ல சமயத்துல போட்டுக் கொடுத்தீங்க!

மறுபடி அடித்தேன். தொடர்பில் இல்லை என்றது.

மார்ச் 9, ஞாயிறு

டாக்ஸி ஸ்டாண்டுக்குப் போனேன். ஒன்பது மின்சார வண்டி நின்றது. ஸ்டாண்ட் தலைவர் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். வால், வடு, ஓட்டை, பச்சைத் தண்ணீர். “கழட்டிடுங்க. காசு திருப்பித் தரேன்” என்றேன்.

ஒருத்தர், “முதலாளி, காசு திருப்பித் தரேன்னு உங்க வாயில வந்துச்சா? உடம்பு ஏதும் சரியில்லையா?” என்றார். ஸ்டாண்டே சிரித்தது.

“அண்ணே, எனக்கு ரெண்டு தடவ கல்லு அடிச்சிருக்கு. உங்க தகடுதான் காப்பாத்துச்சு. நான் கழட்ட மாட்டேன்” என்றார் தலைவர்.

“காப்பாத்துச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்? தகட்டுக்கு மேல என்னாச்சுன்னு பாத்தியா?”

“வண்டி ஓடுதே!”

என் கார்கூட அந்தச் செவ்வாய்க்கிழமை பதினொன்றேகால் வரை ஓடியது.

தலைவர் போனை எடுத்துக் காட்டினார். என் வீடியோ. இதே ஸ்டாண்டில், தகட்டைத் தரையில் போட்டு, பெரிய சம்மட்டியால் நான் அடிக்கிறேன். வேர்த்துக்கொட்ட அடிக்கிறேன். “பாத்துக்குங்க! என் உசுரு இருக்கற வரைக்கும் இந்தத் தகடு இருக்கும்!” என்று கத்துகிறேன். பின்னால் விசில்.

“அன்னிக்கு இவ்வளவு சொன்னீங்க. இன்னிக்கு இப்படிச் சொல்றீங்க. எத நம்பறது அண்ணே?”

அவர் கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார்.

நுணலும் தன் வாயால் கெடும். தவளைக்காவது குளத்தில் குதிக்க ஒரு வழி உண்டு. கழட்டிக்கொண்டவர் ஒருத்தர். அவரும் காரை விற்கப்போகிறவர்.

மார்ச் 10, திங்கள்

இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். வெளியூர். வீடியோ பார்த்து வந்தவர்கள். தகடு வேண்டுமாம்.

இல்லை, செய்வதில்லை, ஆபத்து என்றேன். ஒருத்தன் இன்னொருத்தனைப் பார்த்துக் கண்ணடித்தான். “வேணாம்னு சொல்லும்போதே தெரியுது, வெல ஏத்தப்போறீங்க. சொல்லுங்க, எவ்வளவு?”

முப்பத்து நாலு வருஷம் வேண்டாதவன் தலையில் சரக்கைக் கட்டியிருக்கிறேன். வேண்டும் என்பவனைத் திருப்பி அனுப்ப எனக்கு வித்தை தெரியவில்லை. கடைசியில் ஷட்டரை இழுத்துவிட்டேன். மதியம் பன்னிரண்டு மணிக்கு!

வெளியே ஒருத்தன் மற்றவனிடம் சொன்னது கேட்டது: “பெரிய பார்ட்டிதான்டா. நாளைக்கு வருவோம்.”

மார்ச் 11, செவ்வாய்

பதிமூணிடம் அந்த வீடியோவை நீக்கச் சொன்னேன். என் போனில் நீக்கிவிட்டோம். மற்றவர்கள் போனில் இருக்கிறது. அவ்வளவுதான் செய்ய முடியுமாம்.

மாப்பிள்ளை நாளை வருகிறார். மலையில் மழை என்று செய்தி.

மார்ச் 12, புதன்

மாப்பிள்ளை வந்துவிட்டார். வண்டியும் வந்துவிட்டது. அவர் கடை வாசலில் இறங்கும்போது கல்லாப்பெட்டியை மூடிவிட்டு எழுந்தேன்.

எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே நின்றார். முகத்தில் ஒன்றும் இல்லை.

“எப்பத் தெரியும் உங்களுக்கு?”

“போன புதன்கிழமை.”

“நீங்க எனக்கு சனிக்கிழமைதான போன் பண்ணீங்க?”

நடுவில் இருந்த இரண்டு நாளை எங்கே ஒளிப்பது?

“வியாழக்கிழமை காலையிலதான் கெளம்பினேன் மாமா” என்றார். அவ்வளவுதான். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏதாவது எடுத்து வீசியிருக்கலாம், கடையில் வீசுவதற்கா பொருள் இல்லை?

பதிமூணு தகட்டைக் கழற்றினான். நான் குனிந்து பார்க்கவில்லை. அவன் கீழே இருந்தபடியே சொன்னான்: “ரெண்டு எடம் முதலாளி. ஓட்டை இல்ல. பள்ளம்.”

பிறகு நானும் கையை விட்டுத் தடவினேன். ஒரு பள்ளத்தில் என் சுண்டுவிரல் நகம் முழுசாகப் போனது.

மார்ச் 13, வியாழன்

மாப்பிள்ளையும் நானும் சர்வீஸ் சென்டர் போனோம். ஒரே வண்டியில், பேச்சில்லாமல், என் சரக்கு வேனில்.

மேலாளர் அம்மா பள்ளத்தின் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார். காலையிலேயே அவர் அனுப்பிய ஆள் வீட்டுக்கு வந்து, காரைக் கணினியில் சொருகிப் பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்தாகிவிட்டது. “இப்போதைக்கு எல்லாம் சரியா காட்டுது” என்றார்.

“அப்ப ஓட்டலாமா?” என்றார் மாப்பிள்ளை.

“ஓட்டலாம்னு நான் சொல்ல முடியாது.”

“அப்ப ஓட்டக் கூடாதா?”

“ஓட்டக் கூடாதுன்னும் சொல்ல முடியாது. பெட்டி உள்ள வாங்கியிருக்கு. உள்ள இருக்கறதை எவ்வளவு அழுத்தியிருக்குன்னு தொறந்தாதான் தெரியும். தொறக்க எங்களுக்கு அனுமதி இல்ல. மொத்தமா மாத்தறதுதான் கம்பெனி முறை.”

“நீங்களா இருந்தா ஓட்டுவீங்களா?” நான் கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். “சார், நான் பஸ்ல வரேன்” என்றார். தப்பித்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரு வார்த்தை சொன்னால் அது அவர் தலையில் நிற்கும். ‘பலம்தானே’ என்று நான் சொன்ன வார்த்தை என் தலையில் நிற்கிற மாதிரி.

சாயங்காலம் மகள் வந்தாள். உட்காரவில்லை. பேத்திக்கு மூன்று வயது. காலையில் அவளைக் குழந்தைகள் காப்பகத்தில் விடுவது மாப்பிள்ளைதான், அந்தக் காரில்தான்.

“அப்பா, ஒரே ஒரு கேள்வி. பாப்பாவ அதுல ஏத்தலாமா, கூடாதா?”

எந்தப் பொருளை எடுத்து நீட்டினாலும் எடையும் விலையும் சொல்லிவிடுவேன். கண்ணை மூடிக்கொண்டு திருகின நட்டின் மரை எத்தனை என்று சொல்லிவிடுவேன்.

“எனக்குத் தெரியலம்மா.”

“நீங்கதான போட்டீங்க?”

“ஆமாம்மா.”

“அப்ப உங்களுக்குத் தெரியாதா?”

சின்ன வயதில் இதே குரலில்தான் கேட்பாள், மின்சாரம் எப்போ வரும், அப்பாவுக்குத் தெரியாதா என்று. அவள் போன பிறகு மனைவி தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள். “ஆணிய மட்டும் வித்துக்கிட்டு இருந்தீங்க. நல்லாத்தான் இருந்தோம்” என்றாள். திட்டுவதுபோல்கூடச் சொல்லவில்லை.

மார்ச் 14, வெள்ளி

மாப்பிள்ளை காரை எடுக்கவில்லை. வீட்டு வாசலில் நிற்கிறது.

மார்ச் 16, ஞாயிறு

ஸ்டாண்டுக்கு மறுபடி போனேன். இருவர் தகட்டைக் கழட்டிக்கொண்டார்கள், என் மேல் இரக்கப்பட்டு. ‘பாவம், பெரியவரு அலையறாரு’ என்று ஒருத்தர் சொன்னது காதில் விழுந்தது. எனக்கு ஐம்பத்தெட்டு. இதுவரை யாரும் என்னைப் பெரியவர் என்று சொன்னதில்லை, பாவம் என்றும் சொன்னதில்லை.

புறவழிச் சாலையில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தேன். எதற்கு என்று தெரியவில்லை. மூன்று கல், ஒரு டயர்த் துண்டு, ஒரு சங்கிலிக் கொக்கி. எடுத்து ஓரமாகப் போட்டேன். போட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரு லாரி நாலு கல்லைக் கொட்டிவிட்டுப் போயிற்று.

மார்ச் 18, செவ்வாய்

காலையில் கடை திறக்கப் போனால், வாசலில் வரிசையாக ஏழு கார். எல்லாம் ஸ்டாண்ட் வண்டி. தகட்டைக் கழட்ட வந்திருக்கிறார்கள்.

என்ன ஆயிற்று என்று நான் கேட்டதற்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. பதிமூணுதான் பிறகு சொன்னான். நேற்று மாப்பிள்ளை தன் காரை ஸ்டாண்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார், நடக்கிற வேகத்தில், சவாரி ஏற்றாமல். அங்கே ஜாக்கி கொடுத்துத் தூக்கி, ஒவ்வொருத்தரையும் படுக்கவைத்து, அந்தப் பள்ளத்தில் விரலை விட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

“என்னடா பேசினாரு?”

“ரொம்பப் பேசலியாம். ‘எங்க மாமனாரு வியாபாரத்துல ஆயிரம் பொய் சொல்வாரு. இதுல பொய் சொல்லல’ன்னாராம்.”

அவமானமா, கௌரவமா? இரண்டையும் ஒரே நட்டில் முறுக்கிவிட்டார்.

என் வாயால் ஆகாதது அவர் வண்டியால் ஆயிற்று. அவருடைய கெட்டுப்போன வண்டியால்.

மார்ச் 24, திங்கள்

இன்றோடு இருபத்தேழு தகடு வந்துவிட்டது, மாப்பிள்ளையுடையதையும் சேர்த்து. பத்தொன்பது வண்டி சுத்தம். ஆறில் லேசான வடு. இரண்டில் பள்ளம்: ஒன்று மாப்பிள்ளையுடையது, இன்னொன்று ஸ்டாண்ட் தலைவருடையது.

தலைவர் தன் காருக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து, நாற்காலியில் உட்கார்ந்து, வெகுநேரம் கையில் இருந்த கிரீஸைத் துடைத்தார். “ரெண்டு தடவ கல்லு அடிச்சுது. காப்பாத்துச்சுன்னு நெனச்சு ஒவ்வொரு தடவயும் உங்கள வாழ்த்தினேன் அண்ணே” என்றார்.

இதைவிட அவர் என்னை அடித்திருக்கலாம்.

அவரோடு பேசி முடித்தது: தகட்டுக் காசு எல்லோருக்கும் முழுசாகத் திருப்பி. வடு பட்ட எந்த வண்டிக்காவது இரண்டு வருஷத்துக்குள் பேட்டரி போனால் பாதி என்னுடையது. அவருக்கு இப்போதே புதுப் பேட்டரி. கிடங்கின் பின்பாதியைக் கேட்டுக்கொண்டிருந்த பெயின்ட் கடைக்காரருக்கு விலைக்குக் கொடுத்துவிட்டேன். அந்தக் காசு இதற்குச் சரி.

மிச்சம் மூன்று வண்டி. ஒன்று ஒரு வயதான கணவன் மனைவி, ஊர் சுற்றிப் போகிறவர்கள், வழியில் நின்று போட்டுக்கொண்டார்கள். அந்த அம்மா எனக்கு மிட்டாய் கொடுத்தார். ஒன்று நீலக் கார். ஓட்டியவனுக்கு இடது கை வழக்கம், அவ்வளவுதான் நினைவு. மூன்றாவது எனக்கும் நினைவில்லை, பதிமூணுக்கும் நினைவில்லை.

மார்ச் 29, சனி

சார்ஜ் ஏற்றும் இடங்களில், என் தகட்டைக் கழட்டிவிடும்படி நோட்டீஸ் ஒட்டச் சொன்னேன். இரண்டு இடத்தில் கிழித்துவிட்டார்கள். விளம்பரம் ஒட்டக் கூடாதாம்.

ஏப்ரல் 2, புதன்

ஒரு நீலக் காரின் பின்னால் நாலு தெரு ஓடினேன். வேறு மாதிரிக் கார். ஓட்டினவள் ஒரு பெண். பயந்துவிட்டாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மாப்பிள்ளை காலையில் கடைக்கு வந்தார். ஞாயிறு என்பதால் ஆள் யாரும் இல்லை. ஆணிச் சாக்கின் மேல் உட்கார்ந்தார். நான் கல்லாவை விட்டு எழுந்து போய் எதிர்ச் சாக்கில் உட்கார்ந்தேன்.

“மாமா, பேசி முடிச்சிடலாம்.”

“பேட்டரி நான் வாங்கித் தரேன் மாப்ள. முதல் நாளே சொன்னேன், நீங்கதான்…”

“நீங்க ‘வாங்கித் தரேன்’னு சொன்னீங்க. எனக்கு அது வேணாம். வாங்கித் தர்றது தயவு. எனக்கு நஷ்டஈடு வேணும். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு.”

“இருக்கு” என்றேன்.

“அன்னிக்கு என்னக் கேக்காமத்தான மாட்டினீங்க?”

“ஆமா.”

“நல்லாருக்குன்னு நான் சொன்னது, தகட்டப் பாத்து இல்ல மாமா. நீங்க வெயில்ல நின்னு பாத்துக்கிட்டு இருந்தீங்க. அதுக்குச் சொன்னேன்.”

நான் சாக்கிலிருந்த ஆணி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டேன். அவர் ரோட்டைப் பார்த்தார். பிறகு, “பாப்பாவ நடத்தித்தான் கூட்டிட்டுப் போறோம். கால் வலிக்குதுங்கறா” என்றார்.

“அந்த மூணு வண்டி?” என்று அவரே கேட்டார்.

“கெடைக்கல. கெடைக்கும்னும் தோணல.”

“எனக்கும் தோணல. ஆனா பாக்காம இருக்க முடியல மாமா. ரோட்ல எந்தக் கார் போனாலும் குனிஞ்சு அடியப் பாக்கறேன்.”

எனக்கும் அப்படித்தான் என்று சொன்னேன். அதற்குப் பிறகு பேச்சு சுலபமாயிற்று. அவர் சொல்லச் சொல்ல நான் தலையாட்டினேன்.

முடிவானது: அவர் வண்டிக்குப் புதுப் பேட்டரி, கம்பெனி விலை ஆறே கால் லட்சம், முழுசும் என்னுடையது. என் கார் உதிரிபாகக்காரருக்கு இருக்கிற நிலையிலேயே நாலு லட்சத்துக்குப் போகிறது, மீதி கடையிலிருந்து. பேட்டரி வர ஏழு வாரம். அதுவரை அவர் கார்க் கடன் தவணை நான் கட்ட வேண்டும். அந்த ஏழு வாரமும் அவர் என் சரக்கு வேனை ஓட்டுவார், காலை எட்டு முதல் மாலை நாலு வரை, வெளி ஆளுக்குக் கொடுக்கிற அதே கூலி, நாளுக்குத் தொள்ளாயிரம். கடையில் யாரிடமும் மாப்பிள்ளை என்று அறிமுகம் செய்யக் கூடாது. நாலு மணிக்கு மேல் வேனை எடுத்துக்கொண்டு சார்ஜ் ஏற்றும் இடமெல்லாம் போய் அந்த மூன்று காரைத் தேடுவதற்கு அவருக்குக் கூலி வேண்டாம். டீசல் என்னுடையது.